வயல் நத்தை என்சைம் டெஸ்ட்: கண்ட்ரோலே ஏறி இறங்குது, உதவுங்க

வணக்கம் நண்பர்களே, எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு டெல்டா வயல் நத்தை பைலா குளோபோசால குளோர்பைரிபாஸ்ங்கிற பூச்சிமருந்தும் காப்பரும் என்ன பண்ணுதுன்னு பாக்குறேன். பாதத் தசையில அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் (நரம்பு வேலைக்கான என்சைம்), செரிமான சுரப்பில கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைட உடைக்கிற என்சைம்), எம்டிஏ (கொழுப்பு சிதைஞ்சத காட்டுற பொருள்), மெட்டலோதயோனின் (உலோகத்த புடிச்சு வைக்கிற புரதம்) அளக்குறேன். பிரச்சனை என்னன்னா மருந்தே படாத கண்ட்ரோல் நத்தைலயே ரீடிங் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. பாதத்தை ஐஸ்ல வச்சு அரைச்சா சளி கொழகொழன்னு வந்துடுது, சென்ட்ரிஃப்யூஜ் பண்ணியும் மேல நிக்கிற தண்ணி பால் மாதிரி கலங்கலாவே இருக்கு, எல்மன் முறையில (நிறம் மாறுறத வச்சு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ அளக்குறது) 412 நானோமீட்டர் ஒளியில படிக்கிறப்ப அந்தக் கலங்கலும் சேர்ந்து காட்டுதோன்னு சந்தேகம். சளிய எப்படி எடுக்குறீங்க, ட்ரைட்டன் (டிடர்ஜென்ட்) போடலாமா?

இன்னொண்ணு, நத்தை ரத்தத்துல ஹீமோசயனின்னால (ஆக்சிஜன் சுமக்குற காப்பர் புரதம்) காப்பர் இயல்பாவே இருக்குமே, வெளிய இருந்து ஏறினத எப்படி பிரிச்சுச் சொல்றது? வயல்ல புடிச்ச நத்தைய எத்தன நாள் லேப் தண்ணில பழக்கணும்? கோடைல மண்ணுக்குள்ள தூங்கி எழுந்தது கலந்திருந்தா என்சைம் அளவு மாறுமே.

நத்தை சாகலன்னா தண்ணி நல்லாருக்குன்னு நெனச்சுடுறாங்க, ஆனா உயிரோட இருக்கறப்பவே உள்ள என்சைம் அடங்கிப் போயிருக்கலாம், அந்த நத்தையத்தான் நம்ம ஊர்ல சமைச்சும் சாப்பிடுறாங்க, அதனால இத சரியா செஞ்சே ஆகணும். நத்தைல வேலை செஞ்சவங்க உங்க ப்ரோட்டோகால கமென்ட்ல போடுங்க ப்ளீஸ்.