புதுப்பிப்பு: 13 வெற்றியிலிருந்து 2 வெற்றிக்கு இறங்கிய புளோரிடா ஸ்டேட்

2023இல் 13 ஆட்டங்களை வென்ற புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, 2024இலும் ஏசிசி (அந்த அணி ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) பட்டத்தை எளிதில் கைப்பற்றும் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் இதே இழையில் எழுதியிருந்தேன். அந்தக் கணிப்பு படுதோல்வி அடைந்ததை ஒப்புக்கொள்ளவே இந்தப் புதுப்பிப்பு.

டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்தில், கடைசி நொடியில் எதிரணியான ஜார்ஜியா டெக் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்து 24–21 என அவர்கள் வென்றபோதே எனக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். பருவம் 2 வெற்றி, 10 தோல்வியுடன் முடிந்தது. முந்தைய அணியிலிருந்து 10 பேர் என்எஃப்எல் (தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் போய்விட்ட பிறகு, அவர்களுடைய இடங்களை வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்களைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்று நம்பியதுதான் பெரும் பிழை என்பது என் கருத்து.

நோட்ர டாம் பல்கலைக்கழக அணியிடம் 52–3 எனத் தோற்ற மறுநாளே, தலைமைப் பயிற்சியாளர் மைக் நார்வெல் தாக்குதல், தற்காப்பு ஆகிய இரு பிரிவுகளின் பயிற்சியாளர்களையும் நீக்கினார். தாக்குதல் பிரிவின் பயிற்சியாளராகக் கஸ் மால்சான் நியமிக்கப்பட்டார். 2014 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தில் இதே புளோரிடா ஸ்டேட்டிடம் தோற்ற ஆபர்ன் அணியின் பயிற்சியாளர் அவர்தான்! அவருடைய ஓட்ட ஆட்டம் (பந்தை எறியாமல் ஏந்தி ஓடும் முறை) பலன் தர வேண்டுமானால், முதலில் முன்வரிசைத் தடுப்பு வீரர்கள் உறுதிப்பட வேண்டியிருந்தது. 2025இல் ஏழு வெற்றி கிடைத்தாலே எனக்குப் போதும் என்று அப்போது நினைத்தேன்.