பழைய ஜீப்பை வீட்டிலேயே பிரித்துப் பூட்டியவர்கள்: அனுபவப் பகிர்வு

போடி பக்கத்திலிருந்து:

என் வண்டி மகிந்திரா எம்.எம். 540. பீஜோ டீசல் இன்ஜின், நாலு கியர், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏத்தின வண்டி. பிரிச்சுப் போட்டுப் பார்த்தா கம்பெனி பூட்டினது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல ஒட்டினது, நீட்டினது, வெட்டினது இருக்கே, அதுதான் கெடுத்து வச்சிருக்கு. என் வேலையில பாதி, முன்னாடி வச்சிருந்தவங்க செஞ்ச அலங்காரத்தை அவிழ்க்கிறதாத்தான் போச்சு.

பாடியில காந்தத்தை வச்சு நகர்த்திக்கிட்டே போங்க. ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது பள்ளத்தை மூடப் பூசுற பூச்சு. என் வண்டியில பின்சக்கரத்து வளைவு மேல விரல் கனத்துக்கு இருந்துச்சு. உரிச்சா உள்ளே தகடே இல்ல. சிமென்ட் சாக்கை மடிச்சுத் திணிச்சு, அது மேல பூசி, வழவழன்னு பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. தலைக்கு மேல இருக்கிற பாதுகாப்புக் கம்பி, ரோல்பார், அதுவும் அப்படித்தான். சேசிஸோட, அதாவது அடிச்சட்டத்தோட, எந்தச் சம்பந்தமும் இல்லாம வெறும் தரைத் தகட்டுல நாலு போல்ட். வண்டி கவிழ்ந்தா முதல்ல பிச்சுக்கிட்டு வர்றது அதுவாத்தான் இருக்கும்.

உயரமாத் தெரியணும்னு முன்பக்கம் நீள ஷேக்கிள் (ஸ்பிரிங் நுனியைச் சேசிஸோட இணைக்கிற ஆடும் இணைப்பு) போட்டிருந்தாங்க. இந்த ஜீப்புல முன் ஸ்பிரிங்குக்கு ஷேக்கிள் முன் நுனியில. அதை நீட்டினா அந்த நுனி மட்டும் கீழ இறங்கும், ஆக்சில் முன்னால கவியும், காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்புற அச்சு பின்னால சாஞ்சிருக்கிற அளவு, குறையும். அப்புறம் ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பாது. ஒரு குழியில விழுந்து எழுந்தா முன்சக்கரம் ரெண்டும் உதற ஆரம்பிச்சு, பிரேக் போட்டு நிறுத்துற வரைக்கும் ஓயாது. இதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியம் ஸ்டியரிங் டேம்பர், உதறலை அமுக்குற ஷாக் அப்சார்பர் மாதிரி ஒண்ணு. நோயை விட்டுட்டு வலி மாத்திரை போடுற கதைதான் அது. பழைய அளவு ஷேக்கிளையே திரும்பப் பூட்டினேன்.

கூடவே கிங்பின்னையும் (முன்சக்கரம் இடவலமாத் திரும்புற அச்சு) பாருங்க. ரெண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைக் கழட்டிட்டு, சக்கரத்தோட சேர்ந்து திரும்புற ஸ்டியரிங் நக்கிள்ல ஸ்பிரிங் தராசுக் கொக்கியை மாட்டி மெதுவா இழுக்கணும். ஒரே சீரான கனத்தோட திரும்பினா சரி. என் வண்டியில தராசு முள் நகரவே இல்ல, நக்கிள் தொளதொளன்னு திரும்பிடுச்சு. பேரிங்கோட வெளிவளையமான கப்பைத் தட்டி எடுத்தா ரோலர் பதிஞ்ச தடம் வரிவரியாத் தெரிஞ்சது. புது பேரிங், புது கப். மேல்மூடிக்கு அடியில இருக்கிற ஷிம் தகட்டை எடுக்க எடுக்க இறுகும். ஒண்ணை எடுத்து, மூடி பூட்டி, மறுபடி தராசு வச்சுப் பார்த்து, அப்புறம் அடுத்தது. பொறுமை இல்லாதவங்க இந்த வேலையை மெக்கானிக்கிட்டயே விட்டுடுங்க.

அப்புறம் நாலு சக்கர ஓட்டம். டீசல் மிச்சம்னு முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோற புரப்பெல்லர் ஷாஃப்டைக் கழட்டி மாட்டுக்கொட்டகையில போட்டு வைக்கிறது எங்க பக்கத்து வழக்கம். என் வண்டிக்கும் அப்படித்தான், ஷாஃப்டைத் தனியாத்தான் கொடுத்தாங்க. திருப்பிப் பூட்டுறதுக்கு முன்னாடி முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவான்னு (சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு) கட்டாயம் பார்க்கணும். நம்ம ஊர் ஜீப்புகள்ல 5.38, 4.88 ரெண்டும் கிடக்கு. உடைஞ்சதுக்குக் கிடைச்சதைப் போட்டு ஓட்டியிருப்பாங்க. ஷாஃப்ட் தனியாச் சுத்துற மாதிரி வச்சுக்கிட்டு, ஒரு சக்கரம் தரையில இருக்க, மறுபக்கத்து சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்குங்க. டயர்லயும் ஷாஃப்ட்லயும் சாக்பீஸ்ல கோடு போட்டு, டயரைச் சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ. எனக்குப் பின்னாடி அஞ்சுக்குக் கொஞ்சம் குறைய வந்துச்சு, முன்னாடி அஞ்சேகாலைத் தாண்டிடுச்சு. இப்படியே பூட்டி ஃபோர் வீல் போட்டிருந்தா ரெண்டு ஆக்சிலும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு கியர்பாக்ஸையோ ஆக்சிலையோ பலி வாங்கியிருக்கும்.

கோவையிலிருந்து:

அண்ணா, சாக்பீஸ் கணக்கை எழுதி வச்சுக்கிட்டேனுங்க. நம்மளது ஜிப்ஸி, 1300 சிசி. தரையில ஒட்டியிருந்த ரப்பர் மேட்டைக் கிழிச்சா அடியில தகடு அப்பளமா நொறுங்குதுங்க. வண்டியைக் கழுவுற தண்ணி எல்லாம் அதுக்குள்ளயே நின்னிருக்கு. இப்ப மேட்டே கிடையாது, வெறும் பெயிண்ட்தான். கால் சுடுது, பரவால்லீங்க.

நான் சொல்ல வந்தது ஆர்சி விஷயம். சேசிஸைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறப்ப நம்பர் இருக்கிற இடத்துல மட்டும் கிரைண்டரை வைக்காதீங்க. கையால தேய்ச்சு மெலிசா அடிச்சு விடுங்க. 15 வருசம் ஆன சொந்த வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்சி புதுப்பிக்கணுமுங்களே, அப்பப் பேப்பர் வச்சு பென்சில்ல உரசி நம்பர் எடுப்பாங்க. அது தெளிவா விழலைன்னா பெரிய ரோதனை.

பட்டாளத்துப் பச்சை வேணும்னு நிறைய பேர் ஆசைப்படறாங்க. அந்த ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிக்கு மட்டும்தான்னு மோட்டார் வாகன விதியிலயே இருக்குதுங்க, விதி 121. வேற கலர் மாத்தினாலும் ஆர்சியில பதியணும். மத்த மாற்றத்துக்கெல்லாம் சட்டத்தோட 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாப் பண்ணக்கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. வீடியோ பார்த்து பம்பரை மாத்துறதுக்கு முன்னால இதைப் படிச்சுருங்க.

இலங்கை ஹட்டனிலிருந்து:

இங்கே தோட்டப்பக்கம் லேண்ட் ரோவர்தான். என்னுடையது சீரிஸ் 3. பாடி அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். போருக்குப் பிறகு உருக்குத் தட்டுப்பாட்டினால் வந்த அலுமினியம் அது. சேசிஸும் பல்க்ஹெட்டும் (இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இரும்புதான். இரண்டும் தொடும் இடத்தில், இந்த மழைக்கு, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நான் இடையில் ரப்பர்ப் பட்டை வைத்துப் பூட்டினேன்.

சேசிஸ் உள்ளிருந்துதான் அழுகும். சிறிய சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டு போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அழுகிய இடம் தட்டையாகக் கேட்கும். விலை பேசும்போதே தட்டிப் பாருங்கள். விற்பவர் முகம் கோணினால் கோணட்டும்.

போடிக்காரரே, பிரேக்கை என்ன செய்தீர்கள்?

போடி பக்கத்திலிருந்து:

டிரம்மையே வச்சுக்கிட்டேன். மலை இறக்கத்துல ரெண்டாவது கியர்ல இன்ஜினே பாதி பிடிச்சுக்குது. குழாய் மட்டும் எல்லாம் புதுசு, பழசு கிளாம்ப்புக்கு அடியில அரிச்சிருந்துச்சு. ஓடையில இறங்கி ஏறினா டிரம் நனைஞ்சிரும். பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் உருட்டினா காய்ஞ்சிரும்.

ஒண்ணு கவனிங்க: வீல் சிலிண்டர் ரப்பரை டீசல்ல கழுவாதீங்க, ஊதிப்போயிரும். பிரேக் ஆயில்லயே கழுவணும்.

கோவைத் தம்பி, முன் ஆக்சில் ஹவுசிங்குக்கு 4.88 கிரவுன் பினியன் செட் (ரேஷியோவைத் தீர்மானிக்கிற பல்சக்கர ஜோடி) தேடிக்கிட்டிருக்கேன். சென்னைப் புதுப்பேட்டையில பழைய பாகக் கடையில காட்டினதுல பல் நுனி கறுத்து நீலம் பாய்ஞ்சிருந்துச்சு, வேண்டாம்னு வந்துட்டேன். உக்கடம் பக்கம் போனா விசாரிச்சுச் சொல்லுங்க. கிரவுனும் பினியனும் ஜோடியாவே இருக்கணும், தனித்தனியா வேண்டாம்.