"ஒட்டு-வழுக்கு" என்பதற்கு மாற்றாகப் "பிடிநழுவல்"

மதிப்புக்குரிய குழும நண்பர்களுக்கு,

அதிர்வைக் கொண்டு கட்டமைப்புகளின் சேதத்தை அறியும் துறைக்கான சொற்பட்டியலில், உராயும் இரு பரப்புகள் மாறி மாறிப் பற்றிக்கொண்டும் வழுக்கியும் நகரும் இயக்கத்துக்கு "ஒட்டு-வழுக்கு" என்ற சொல்லைக் கோவை நண்பர் முன்மொழிந்திருந்தார். பசையே இல்லாத இடத்தில் "ஒட்டு" பொருந்தாது என்பது என் எண்ணம். "உராய்வுத் தணிப்பு" இருக்கத் தனிச்சொல் எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதையும் ஏற்க முடியவில்லை. சிக்கலே "தணிப்பு" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

தணிப்பு என்பது சக்தியிழப்பைக் குறிப்பது. உலர் உராய்வில் அலைவின் வீச்சம் (நடுநிலையிலிருந்து விலகும் உச்ச அளவு) நேர்கோட்டிலும், எண்ணெய் போன்ற பாய்மம் தடுக்கும் பாகுத் தணிப்பில் அடுக்குக்குறி முறையிலும் (சுற்றுக்குச் சுற்று ஒரே விகிதத்தில்) குறையும் என்பதால், அவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. ஆனால் சேதமறிபவரை உராய்வு ஏமாற்றுவது விறைப்பின், அதாவது வளையாது எதிர்த்து நிற்கும் தன்மையின், வழியாகவும்தான். சங்குப்பிட்டி போலக் கடல்நீரேரியைக் கடக்கும் பாலமொன்றை எண்ணிப்பாருங்கள். மெல்லிய காற்று மட்டும் வீசும் வேளையில், தூணின்மேல் பாலத்தின் முனையைத் தாங்கி நகரவிடும் உறுப்பான தாங்கியில் எழும் விசை எல்லையுராய்வை (நழுவாமல் தாங்கக்கூடிய உச்ச உராய்வை) தாண்டாவிட்டால், நகர வேண்டிய முனை நிலைத்த முனைபோல நிற்கும். பாலம் விறைப்பாகத் தெரியும், மீடிறனும் (ஒரு செக்கனில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கையும்) கூடும். பாரமான லொறியொன்று கடந்துபோனபின் எஞ்சும் பெரிய அலைவில் அதே தாங்கி நழுவ, மீடிறன் இறங்கும். மீடிறன் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாதலால், விறைப்பு 10 சதவீதம் குறையும்போது மீடிறன் ஏறத்தாழ 5 சதவீதமே குறையும். வெடிப்பும் விறைப்பைக் குறைத்து மீடிறனை இறக்குவதுதான் என்பதால், இத்தனை சிறிய மாற்றத்தை நம்பித் தீர்ப்புச் சொல்பவர், வெடிப்பில்லாத பாலத்தில் வெடிப்பைக் கண்டுவிடுவார். உப்புக்காற்றில் துருவேறி இறுகிய தாங்கியோ மீடிறனை உயர்த்தி, உண்மையான வெடிப்பு தந்த குறைவை மூடிவிடக்கூடும். எனக்கு அதிகம் அச்சம் தருவது இந்த இரண்டாவதுதான்.

ஆகவே பற்றும் நிலையையும் நழுவும் நிலையையும் தனித்தனியே சொல்ல இடந்தரும் சொல்லே வேண்டும். மாரி மழையில் ஊறிய மேசை லாச்சியை (இழுப்பறையை) யாழ்ப்பாணத்து வீடுகளில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: இழுக்க இழுக்க அசையாது, பின் திடீரென்று இரண்டு விரற்கடை வெளியே வரும், மறுபடியும் இறுகும். தச்சர் அதைப் "பிடிக்குது" என்பாரேயன்றி "ஒட்டுது" என்பதில்லை. பிடி நழுவுதல் என்பது நம் பேச்சில் முன்பே உள்ள தொடர். அதிலிருந்து "பிடிநழுவல்" என்றாக்கினால், பிடிநிலை மீடிறன், நழுவுநிலை மீடிறன், நழுவல் தொடங்கும் இடத்துக்கு நழுவல் வீச்சம் என்று கிளைச்சொற்கள் தாமாகவே வருகின்றன. (அதிர்வெண் என்றெழுதுவோர் அப்படியே எழுதலாம், அந்தப் பழைய வாதத்தை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம்.)

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். பிடி நழுவுதல் ஒருமுறை நிகழ்வதாகவே காதில் விழும். மாறி மாறி நிகழ்வது அதில் இல்லை. அவ்விடத்தில் "பிடிநழுவல் அலைவு" என்று நீட்டி எழுதலாம்.

வெடிப்பின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசுமிடத்துக்கும் இச்சொல் பொருந்துமென்றே கருதுகிறேன். சிறு வீச்சத்தில் அம்முகங்கள் பிடிநிலையில் நின்றால், வெடிப்பு இருந்தும் இல்லாததுபோலவே தெரியும். இவ்விடத்தில் வேறு சொல் வேண்டுமென்போர், பட்டியல் முடிவாகுமுன் அறியத்தாருங்கள்.