டிஸ்க் 100%லயே நிக்குது, எந்த சாஃப்ட்வேரை நீக்கலாம்?

கேள்வி:
விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். டெஸ்க்டாப் வந்த பிறகும் ஏழெட்டு நிமிஷம் எதுவும் திறக்கல. சிபியு 15% தாண்டல, டிஸ்க் மட்டும் 100%. மூணு கேம், ஒரு வீடியோ எடிட்டர் எல்லாம் எடுத்தாச்சு. 60 ஜிபி காலியாச்சே தவிர வேகம் துளியும் கூடல. பட்டியல்ல இன்னும் எழுபது இருக்கு. எதுல கை வைக்கலாம்?

பதில் 1:
சும்மா கிடக்கிற கேம் இடத்தைத்தான் அடைக்கும், வேகத்தைத் தொடாது. பின்னணியில ஓடறதைத் தேடுங்க. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினா டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதுல ஸ்டார்ட்-அப் டேப் போங்க. அப்டேட்டர், கேம் லாஞ்சர், சாட் ஆப் எல்லாத்தையும் டிஸேபிள் பண்ணுங்க. டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டதை விட்டுடுங்க. அப்புறம் ரீஸ்டார்ட். ஷட் டவுன் பண்ணி ஆன் செய்தா போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் இருந்தா கெர்னலும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவரும் பழைய நிலையிலேயே திரும்ப வரும். பிறகு ப்ராசஸஸ் டேப்ல 'டிஸ்க்' தலைப்பைத் தட்டி, மேல வர்ற பெயர்களைச் சொல்லுங்க.

கேட்டவர்:
18ல 11ஐ நிறுத்தினேன். இப்ப தயாராக நாலு நிமிஷம் ஆகுது. டிஸ்க்ல மேல நிக்கிறது ரெண்டு ஆன்டிவைரஸ். ஒண்ணு லேப்டாப்போட வந்த ட்ரையல், காலாவதி ஆயிடுச்சு.

பதில் 2:
அதான் விஷயம். காலாவதி ஆனா அப்டேட்தான் நிற்கும், ஸ்கேன் பல நேரம் நிற்காது. ஒரு ஃபைலைத் திறந்தா ரெண்டும் அதையே படிக்கும். ஹார்டு டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் அங்கயும் இங்கயும் அலையும். பெர்ஃபார்மன்ஸ் டேப்ல பாருங்க, 100% காட்டும்போதே ரீட் ஸ்பீடு 1–2 எம்பிதான் இருக்கும்.

ரெண்டையும் எடுத்திடலாம். முதல்ல ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போடுங்க, சிக்கல்னா பழைய நிலைக்குத் திரும்பலாம். ட்ரையலை அன்இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் செய்து, அந்தத் தயாரிப்பாளரோட தளத்துல கிடைக்கிற ரிமூவல் டூலையும் ஓட்டுங்க. அன்இன்ஸ்டால் மட்டும் செய்தா ஃபில்டர் டிரைவர் (ஃபைல் திறக்கிறதை இடையில நின்னு கவனிக்கிற பகுதி) ஒட்டிக்கிட்டு இருக்க வாய்ப்பு உண்டு. அடுத்ததுக்கும் இதே வரிசை. ஒரே மூச்சுல ரெண்டையும் எடுக்காதீங்க, சிக்கல் வந்தா எதால வந்ததுன்னு தெரியாது. கடைசியா விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டர் ஆன் ஆயிருக்கான்னு பாருங்க.

பதில் 3:
பட்டியல்ல விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் 2008, 2010, 2012னு அடுக்கா இருக்கும். மத்த புரோகிராம்கள் ஓடத் தேவையான ஃபைல் தொகுப்பு அது, டூப்ளிகேட்னு நினைச்சு எடுத்துடாதீங்க. இந்த மூணு வருஷமும் தனித்தனி. எக்ஸ்86 (32-பிட்), எக்ஸ்64 (64-பிட்) ரெண்டும் வேணும். எடுத்தா ஏதாவது ஒரு புரோகிராம் 'டிஎல்எல் இல்லை'ன்னு மக்கர் பண்ணும். விண்டோஸ் அமைப்புகளைச் 'சுத்தம்' பண்றதா சொல்ற ரெஜிஸ்ட்ரி கிளீனர் பக்கமே போகாதீங்க, வேகம் கூடாது, கெடுக்கத்தான் செய்யும்.

கேட்டவர்:
ரெண்டும் போச்சு. இப்ப ஒன்றரை நிமிஷத்துல தயார், டிஸ்க் 5%க்கு இறங்குது. நன்றி சார். ஆனா பிரவுசர்ல பத்து டேப் திறந்தா மறுபடி 100%.

பதில் 1:
அப்ப மெமரி 90%க்கு மேல இருக்கும், பாருங்க. ரேம் நிறைஞ்சு பேஜ் ஃபைலுக்கு (ரேம் பத்தாதப்ப டிஸ்க்ல பயன்படுத்தற இடம்) வழியுது. அதையும் அந்த ஹார்டு டிஸ்க்கே சுமக்குது. இதுக்கு இனி அன்இன்ஸ்டால் பண்ணிப் பயனில்லை. முதல்ல ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்), அடுத்து 8 ஜிபி ரேம். வாங்கறதுக்கு முன்னாடி ரேம் ஸ்லாட் காலியா இருக்கான்னு பெர்ஃபார்மன்ஸ் டேப்லயே பார்த்துக்கோங்க.