மறு: தண்டர்பேர்டில் 'குவாரன்டைன்' – தமிழில் எப்படி?

> கொரோனாவுக்குப் பிறகு 'தனிமைப்படுத்தல்' எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் நிரலில் அந்த அமைப்பு, அதாவது வைரஸ் உள்ள மடலை ஆன்டிவைரஸ் 'குவாரன்டைன்' செய்ய விடும் தேர்வுப்பெட்டி, என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம்.

தண்டர்பேர்ட் ஒரு கோப்புறையின் மடல்களை வழக்கமாக எம்பாக்ஸ் வடிவில், ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைக்கிறது. பத்து வருட மடல்கள் கிடந்தாலும் வட்டில் இன்பாக்ஸ் என்பது பின்னொட்டுகூட இல்லாத ஒற்றைக் கோப்பு. அதில் எங்கோ ஒரு மடலின் இணைப்பில் வைரஸ் இருந்தால், சில ஆன்டிவைரஸ்கள் அந்த மடலை மட்டும் பிரித்தெடுக்கத் தெரியாமல் கோப்பையே தூக்கிக்கொண்டு போய்விடும். மறுநாள் திறந்தால் இன்பாக்ஸ் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மடலை அழித்துவிட்டேனே என்றாலும் பயனில்லை; அழித்த மடல்களை வட்டிலிருந்தே நீக்கும்படி கோப்புறையைச் சுருக்கும் ('காம்பாக்ட்') வரை அது கோப்புக்குள் அப்படியேதான் கிடக்கும்.

நாம் மொழிபெயர்க்கும் தேர்வுப்பெட்டி இதற்குத்தான். அதை டிக் செய்தால், பாப் (சேவையகத்திலிருந்து மடல்களைக் கணினிக்கு இறக்கும் முறை) வழியே வரும் ஒவ்வொரு மடலும் முதலில் தனியாக ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதப்படும். ஆன்டிவைரஸ் அதைச் சோதித்து, வில்லங்கம் என்றால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் மடல் இன்பாக்ஸ் கோப்பின் வாலில் போய்ச் சேரும்.

ஆக, இங்கே நடப்பது பிடித்து, திறக்க முடியாமல் பூட்டி வைப்பது. தவறாகப் பிடித்திருந்தால் பயனர் திரும்ப எடுக்கவும் வேண்டும். 'தனிமைப்படுத்து' என்றால் அதற்கு எதிர்ச்சொல் என்ன? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் உருப்படியாக வரவில்லை. போதாக்குறைக்கு, நிரல்களை ஒன்றையொன்று தொடாமல் ஓடவிடுவதையும் தனிமைப்படுத்தல் என்றே எழுதிவருகிறோம். 'ஒதுக்கம்' என்றால் நினைவக ஒதுக்கீட்டோடு முட்டும்.

> 'தடுத்துவை' என்றால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தடுப்பு முகாம்தான் ஞாபகம் வரும், அண்ணா.

சரி தங்கச்சி, அதை விட்டுவிடுவோம். மடல் திரையில் அந்த நினைவு யாருக்கும் வரவேண்டாம்.

என் முன்மொழிவு: பிடித்துவை – விடுவி. பட்டியலின் தலைப்பு 'பிடித்துவைத்தவை'. முழு வரி இப்படி வரும்:

"உள்வரும் மடல்களைத் தனித்தனியே பிடித்துவைக்க ஆன்டிவைரஸை அனுமதி"

இதில் 'தனித்தனியே' முக்கியம், இடம் போதவில்லை என்று யாரும் அதை வெட்டிவிட வேண்டாம். அந்த ஒரு சொல்தான் முழு இன்பாக்ஸும் போகாது என்று பயனருக்குச் சொல்கிறது.

பெயர்ச்சொல் வேண்டும் என்பவர்கள் 'பிடித்துவைப்பு' பற்றிச் சொல்லுங்கள். எனக்கு அது கொஞ்சம் கரடுமுரடாகத்தான் படுகிறது. திரையில் வினைச்சொல்லே போதும் என்பது என் கட்சி.