பையின் அடியில் தண்ணீர் வடிகிறது, செடியோ வாடுகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி (பள்ளத்தூர்)
வணக்கம். வீட்டுப் பின்கட்டை ஒட்டிய இடத்தில் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். கொய்யா, நெல்லி, கறிவேப்பிலை, செம்பருத்தி என்று சுமார் 1500 பைகள். பங்குனியிலிருந்து போர்வெல்லில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. அதனால் ஹோஸ் பிடிப்பதை விட்டு, பைக்கு ஒன்றாக மைக்ரோ டியூப் (சொட்டு நீர் விடும் மெல்லிய குழாய்) போட்டேன். தொட்டியிலிருந்து காலையில் ஒரே தடவையாக 20 நிமிடம் விடுகிறேன். ஐந்து நிமிடத்திலேயே அடியில் வடிகிறது. ஆனாலும் மதியத்துக்கு மேல் கொய்யாக் கொழுந்து தொங்கிவிடுகிறது. நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், தரைதான் நனைகிறது. இதற்கு மேல் கூட்டத் தண்ணீரும் இல்லை.

பதில் (தேவகோட்டை)
தம்பி, பையில் நிரப்பிய மண் கலவையில் தென்னை நார்த்தூள் எவ்வளவு? வாடிய பை ஒன்றை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தீர்களா?

கேள்வி (பள்ளத்தூர்)
பாதி நார்த்தூள், மீதி செம்மண்ணும் தொழுவுரமும். இப்போதுதான் கிழித்தேன் அண்ணே. டியூப் இருந்த இடத்திலிருந்து அடிவரை விரல் அகலத்துக்கு ஈரம். பை ஓரத்திலும் கொஞ்சம். நடுவில் வேர் இருக்கும் இடம் பொடியாக உதிர்கிறது.

பதில் (தேவகோட்டை)
அதுதான் காரணம். இந்தக் கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கிப் பையை விட்டு விலகிவிடும். சொட்டும் தண்ணீர் அந்த இடுக்கிலும், ஏற்கெனவே ஈரமான ஒரே வழியிலும் இறங்கி ஓடிவிடும். அடியில் வடிவதை வைத்து மண் குடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் காய்ந்த பைகளைத் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்துவிடலாம். அந்தத் தண்ணீரையே அடுத்த பைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 20 நிமிடத்தை ஒரேயடியாக விடாமல் 4 நிமிடம் விட்டு அரைமணி நிறுத்தி, மறுபடி 4 நிமிடம் என்று நான்கு தடவை விடுங்கள். நிறுத்தும் நேரத்தில்தான் ஈரம் பக்கவாட்டில் பரவும். சொட்டு சொட்டாக வடியத் தொடங்கினால் போதும், நிறுத்திவிடலாம். தினம் நாலைந்து பைகளைத் தூக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கனம் கைக்குப் பிடிபட்டுவிடும்.

பதில் (காரைக்குடி)
நானும் பை நாற்று வளர்க்கிறேன் தம்பி. முதல் பையிலும் கடைசிப் பையிலும் டியூபை ஒரு டம்ளருக்குள் விட்டு, ஒரே நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். தொட்டித் தண்ணீர் தன் கனத்தில் ஓடிவரும்போது கடைசி வரிசைக்குக் குறையும். நெல்லியைத் தனி வரிசைக்கு மாற்றி அதற்கு ஒரு வால்வு வையுங்கள், அதற்குச் செம்பருத்தி அளவு வேண்டாம். மேற்கு வெயில் படும் ஓரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுங்கள், கருப்புப் பை வேரைச் சுட்டுவிடும்.

இன்னொன்று, போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வடியவே விடாமல் சிக்கனம் பிடிக்காதீர்கள். உப்பு தங்கி இலை நுனி கருகும். இடையிடையே ஒருநாள் நன்றாக வடியவிட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்)
பத்து நாள் ஆகிவிட்டது. ஆச்சி காலத்துப் பித்தளை அண்டாவை முற்றத்தில் வைத்து, வாடிய பைகளையெல்லாம் முக்கி எடுத்தோம். இப்போது மூன்று தடவை, 4 நிமிடம்தான் விடுகிறேன். கொய்யா மதிய வெயிலிலும் நிமிர்ந்து நிற்கிறது. நீங்கள் இருவரும் சொல்லாவிட்டால் இந்தச் செடிகளை இழந்திருப்பேன், ரொம்ப நன்றி. டம்ளர் வைத்துப் பார்த்ததில் முதல் பைக்கு ஒரு டம்ளர் நிறையும்போது கடைசிப் பைக்கு அரை டம்ளர்தான். குழாயை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரித்தால் சரியாகுமா அக்கா?

பதில் (காரைக்குடி)
பெரும்பாலும் ஆகும். பிரிக்கும்போதே குழாய் முனைகளைத் திறந்து கசடையும் வெளியேற்றிவிடுங்கள். மாட்டியதும் மறுபடி டம்ளர் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.