சுருட்டை விரியன் சத்தப் பதிவு வேண்டும் – பண்ருட்டி, நெய்வேலி, பாகூர் பக்கம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். முந்திரித் தோப்புச் சருகில் "கிலுகிலுப்பைப் பாம்பு சத்தம் போடுது" என்று அடிக்கடி தகவல் வருகிறது. அந்த இனம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். நம் பக்கம் ஆள் சுருட்டை விரியனா, கண்ணாடி விரியனா என்று பிரிக்கத்தான் பதிவுகள் கேட்கிறோம்.

சுருட்டை பெரும்பாலும் ஓர் அடி, ஒன்றரை அடி நீளம்தான் இருக்கும். உடலை வளையமாக மடித்து, பக்கவாட்டுச் செதில்களை ஒன்றோடொன்று உரசும். அந்தச் செதில்கள் சாய்ந்து, ரம்பப்பல் போல இருப்பதால் உப்புத்தாளைத் தேய்த்த மாதிரி 'சரசர' என்று கேட்கும். கண்ணாடி விரியன் அப்படியில்லை; பெரிய மூக்குத்துளை வழியாகக் காற்றைத் தள்ளி குக்கர் மாதிரி சீறும்.

குறைந்தது 2 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து 20 விநாடி வீடியோ எடுங்கள். சத்தம் வரவைக்கிறேன் என்று குச்சியால் சீண்ட வேண்டாம், அது சட்டென்று பாயும். தலையும் முதுகும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கட்டாயம். முதுகில் சங்கிலி போல முட்டைவடிவப் புள்ளிகள் மூன்று வரிசை இருந்தால் கண்ணாடி விரியன். திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒட்டிக்கொண்டு, வால் மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் விஷமில்லாத மண்ணுளிப் பாம்பு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் 'மண்ணுளிதான்' என்று கையில் தூக்கவே கூடாது.

ஊர், தேதி, நேரம், மண் செம்மண்ணா மணலா என்பதையும் எழுதுங்கள். பாம்பு உரித்த சட்டை கிடைத்தால் காகித உறையில் வையுங்கள், பாலித்தீனில் பூஞ்சை பிடித்துவிடும்.